மாதா போன வீடுகளுக்குத் தம்பி போன நாள்

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜீவனஹள்ளியில் எங்கள் ஒற்றை அறை வீட்டுக்குள் இருந்தவர்கள் பதினோரு பேர். அம்மா, அப்பா, நான், அப்பா மடியில் தம்பி. வந்தவர்கள்: அன்பியத்துப் பொறுப்பாளர் அங்கிள், அவர் வீட்டு ஆன்ட்டி, ரிட்டையரான டீச்சர் ஆன்ட்டி, மூன்றாவது மாடியில் குடியிருந்ததால் நாங்கள் மாடி ஆன்ட்டி என்று கூப்பிட்டவர், அவருடைய மாமியார், நர்ஸ் அக்கா, பேக்கரி அங்கிள். டி.வி. மேல் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்ற மாதாவைச் சேர்த்தால் பன்னிரண்டு. எனக்கு இப்படி எண்ணுகிற பழக்கம் உண்டு. பஸ்ஸை விட்டு இறங்கினால் கூட இறங்கியவர்களை எண்ணுவேன். வெளியே கிளம்பினால் கேஸை மூன்று தரம் மூடிப் பார்ப்பேன். யாராவது ஒருவர் விட்டுப்போய்விடுவார், ஏதாவது ஒன்று ஆகிவிடும் என்று ஒரு பயம். அந்தப் பயம் எனக்கு அந்த வாரத்தில்தான் வந்தது என்பாள் அம்மா. பிறக்கும்போதே கூட வந்தது என்பார் அப்பா.

அன்பியம் என்றால், பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இருக்கிற கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து வைத்துக்கொள்கிற ஜெபக் கூட்டம். அக்டோபர் மாதம் ஜெபமாலை மாதம் என்பதால் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு ராத்திரி. மறுநாள் சாயங்காலம் அந்த வீட்டுக்காரர்களே சுமந்துகொண்டு போய் அடுத்த வீட்டில் விட வேண்டும். அடுத்த வீட்டுக்காரர்கள் மெழுகுவர்த்தியோடு கேட்டில் நின்று வாங்கிக்கொள்வார்கள். எந்த வீடு எந்தத் தேதி என்று பொறுப்பாளர் அங்கிள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, சிவப்புப் பேனாவில் தலைப்பு எழுதி, லிஸ்ட் கொடுப்பார். அவர் கவர்மென்ட் ஃபேக்டரியில் ஸ்டோர் கீப்பராக இருந்து ரிட்டையரானவர். அந்த லிஸ்ட்டுக்கு ஒரு விதியும் உண்டு. போகிற வீடு பூட்டியிருந்தால் மாதாவை வாசலில் நிறுத்தி வைக்கக் கூடாது. லிஸ்ட்டில் அதற்கு அடுத்த வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

அதற்கு முந்தின இரண்டு வருஷமும் எங்கள் முறை வந்தபோது வீட்டில் இடம் பத்தாது என்று அம்மா தட்டிக்கழித்தாள். இடம் பத்தாதது உண்மைதான். அதற்காக அல்ல. தம்பிக்கு அப்போது ஐந்து வயது. பிறந்தபோது மூளைக்குக் காற்றுப் போகாமல், கையும் காலும் அவன் சொன்னபடி கேட்காத பிள்ளை. உட்கார வைத்தால் சாய்வான். கழுத்து நிற்காது. பேச்சில்லை, கத்துவான். சந்தோஷத்துக்கு ஒரு கத்து, பயத்துக்கு ஒரு கத்து. எது எது என்று எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். மற்றவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அன்றைக்கும் ஜெபமாலையில் மூன்றாவது பத்தில், மூன்றாவது காரணிக்கம் என்பார்கள், கத்த ஆரம்பித்தான். யாரும் எழுந்து போகவில்லை. குரலை உயர்த்தி அவனுக்கு மேல் ஜெபித்தார்கள். முடிந்ததும், யாருக்காவது விசேஷக் கருத்து, அதாவது தனியாக ஜெபிக்க வேண்டிய விஷயம், உண்டா என்று அங்கிள் வழக்கம்போலக் கேட்டார். எதையும் கேட்காத அம்மா, முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு வாயைத் திறந்தாள். கார்மென்ட்ஸில் வேலை கிடைத்திருக்கிறது. நாளைக்கே வரச் சொல்லி சூப்பர்வைசர் நேற்றுத்தான் ஆள் விட்டார். முதல் மாசம் ஒரு நாள் லீவு போட்டாலும் பெயரை எடுத்துவிடுவார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை.

அந்த வேலை எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். தம்பியின் பாதங்கள் இரண்டும் உள்ளே மடங்கிக்கொண்டு வந்தன. காலுக்குப் பட்டை செய்து மாட்ட வேண்டும், வாரம் இரண்டு நாள் பிசியோதெரபிக்குக் கொண்டுவர வேண்டும், இந்த வருஷம் விட்டால் ஆபரேஷன்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பட்டையின் விலையைக் கேட்டுவிட்டு வந்த அன்று, சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற என் அப்பா, வீட்டில் ஒரு சுவரையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

 அம்மா சொல்லி முடித்ததும் அங்கிள் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார்.

"மாதாவே வீடு வீடா போறாங்க. இந்தப் பையன் போனா ஆகாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த வேகத்திலேயே ஒப்புக்கொண்டும் விட்டார்கள். மாடி ஆன்ட்டி கண்ணைத் துடைத்தார். அங்கிள் அங்கேயே என் கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, என் ஸ்கேலை வாங்கிக் கோடு போட்டார். திங்கள் டீச்சர் ஆன்ட்டி. செவ்வாய் மாடி ஆன்ட்டி. புதன் அங்கிள் வீடு. வியாழன் நர்ஸ் அக்கா. வெள்ளி பேக்கரி அங்கிள். சனிக்கிழமை அப்பா சமாளிப்பார். காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில் நான் விட வேண்டும், சாயங்காலம் நான் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அன்று ராத்திரி அம்மா அந்தத் தாளை மடிக்காமல் என் புத்தகத்துக்குள் வைத்தாள்.

இங்கே என் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்தாவது படித்தேன். தம்பிக்காக அந்த வருஷம் அப்படி இப்படி நிறைய நாள் போகவில்லை. தசரா லீவுக்கு முன்னால், இனி ஒரு நாள் ஆப்சென்ட் ஆனால் அம்மா நேரில் வந்து ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்த்தால்தான் உள்ளே விடுவோம் என்று டைரியில் எழுதி அனுப்பியிருந்தார்கள். அம்மா வர வேண்டும் என்றால் அம்மா லீவு போட வேண்டும். லீவு போட்டால் வேலை போய்விடும். வேலை போனால் பட்டை இல்லை. பத்து வயதில் இந்த நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாக நான் தூக்கத்தில் கூடச் சொல்வேன். லேட்டாகப் போகலாம்; பத்தரை மணிக்கு முதல் இடைவேளை மணி அடிப்பதற்குள் போனால் லேட் என்று போடுவார்கள். அதற்குப் பிறகு போனால் ஆப்சென்ட்.

திங்கட்கிழமை அப்பா ஏழு மணிக்கே கிளம்பிவிட்டார். அம்மா ஏழே முக்காலுக்கு பஸ் பிடிக்க வேண்டும். கிளம்பும்போது நாலு தரம் திரும்பி வந்தாள். படுக்க வைத்து ஊட்டக் கூடாதுன்னு சொல்லு. தலையை நிமிர்த்திப் பிடிக்கணும்னு சொல்லு. ஒரு ஸ்பூன் போட்டால் தொண்டை இறங்குகிற வரைக்கும் அடுத்ததைப் போடக் கூடாதுன்னு சொல்லு. அவசரப்பட்டா பொரையேறும், மூச்சு நின்னுடும், சொல்லு. சொல்கிறேன் என்றேன்.

எட்டே காலுக்குத் தம்பியைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்து, துண்டால் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக் கிளம்பினேன். அது கைக்குழந்தைகளுக்கான வண்டி. கோயிலில் யாரோ கொடுத்தது. கால் இரண்டும் வெளியே தொங்கும். முன் சக்கரம் ஒன்று ஆடும். உண்மையைச் சொல்கிறேனே, டீச்சர் ஆன்ட்டி கேட்டில் மெழுகுவர்த்தியோடு நிற்பார் என்று நான் நினைத்துக்கொண்டு போனேன்.

கேட்டில் பூட்டுத் தொங்கியது.

பக்கத்து வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டே சொன்னார். மகளுக்கு வலி எடுத்துவிட்டது என்று விடிகாலையில் போன் வந்ததாம், கோலார் தங்கவயலுக்கு முதல் ரயிலைப் பிடித்து ஓடிவிட்டாராம். டீச்சர் ஆன்ட்டி மேல் தப்பில்லை. பிரசவ வலி லிஸ்ட்டைப் பார்த்தா வரும்? ஆனால் எனக்கு அது தோன்றவில்லை. தோன்றியதெல்லாம் அந்த விதிதான். வீடு பூட்டியிருந்தால் வாசலில் நிற்கக் கூடாது. அடுத்த வீடு. லிஸ்ட்டை எடுத்துப் பார்த்தேன். செவ்வாய்: மாடி ஆன்ட்டி.

வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு, தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். அவன் என்னில் பாதி எடை. இரண்டாவது மாடியில் ஒரு தரம் உட்கார்ந்தேன். மாடி ஆன்ட்டி கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னிக்கு திங்கள்தானே பாப்பா? எங்களுக்கு செவ்வாய்னுதானே எழுதினாங்க?"

டீச்சர் ஆன்ட்டி வீடு பூட்டியிருக்கிறது, அதனால் அடுத்த வீடு என்று விதியை விளக்கினேன். அவர் சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து மாமியார் யாரு யாரு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "அய்யோ, வேர்த்துப் போயிருக்கான் பாரு" என்று உள்ளே ஓடிய ஆன்ட்டி, ஒரு துண்டு கேக்கோடு வந்தார். நான் படிக்கட்டில் உட்கார்ந்து தம்பியை மடியில் சாய்த்து வைத்திருந்தேன். அவர் பாசமாக, ஆ காட்டு ராஜா என்று அவன் வாயில் வைத்துவிட்டார்.

சாய்ந்திருக்கிற பிள்ளைக்கு, உலர்ந்த கேக். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் அது உள்ளே போய்விட்டது. தம்பியின் முகம் முதலில் சிவந்தது. பிறகு ஒரு மாதிரி நீலம். கத்தவில்லை. அவன் கத்தாமல் இருந்ததுதான் எனக்குப் பயம். அவனைக் கவிழ்த்து முழங்காலில் போட்டு, ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குக் காட்டிக் கொடுத்தபோது நான் ஓரமாக நின்று பார்த்திருந்தபடி, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையால் அடித்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது அடியில் கேக் வெளியே வந்து படியில் விழுந்தது. அதற்குப் பிறகு அவன் கத்தியதை அந்தக் கட்டிடம் முழுக்கக் கேட்டிருக்கும்.

மாடி ஆன்ட்டி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார். 

"எங்க வீட்ல ஏதாச்சும் ஆயிருந்தா... அம்மாகிட்ட சொல்லுடா கண்ணு, எனக்கு இதெல்லாம் வராது. ஆன்ட்டிக்கு பயமா இருக்கு."

கதவை மெதுவாகத்தான் சாத்தினார். சாத்திய பிறகும் அந்தப் பக்கம் அவர் அழுவது கேட்டது. நான் கேக்கைப் பொறுக்கி என் கர்ச்சீப்பில் வைத்துக்கொண்டு இறங்கினேன். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கும் அதே பயம்தானே. எனக்குச் சாத்திக்கொள்ளக் கதவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

புதன்: அங்கிள் வீடு. அங்கிள் கோயிலுக்குப் பங்குச் சாமியாரைப் பார்க்கப் போயிருந்தார். ஆன்ட்டி கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்று பேசினார். தனக்கு பி.பி. என்றார், ஒரு வயசுப் பிள்ளையைத் தூக்கவே முடியாது, அங்கிள் தன்னைக் கேட்காமல் பெயரை எழுதிவிட்டார், எழுதுவது அவர், தூக்குவது யார் என்றார். அது நியாயமான கேள்வி என்று இப்போது தெரிகிறது. "புதன்கிழமை அங்கிள் இருப்பாரு, கண்டிப்பா கூட்டிட்டு வா. நான் ஜெபம் பண்றேம்மா" என்று தம்பி நெற்றியில் சிலுவை போட்டு, என் கையில் பத்து ரூபாய் வைத்தார். மெழுகுவர்த்தி வாங்கிக் கொளுத்தச் சொன்னார்.

நர்ஸ் அக்கா நைட் டியூட்டி முடித்துத் தூங்குகிறாள் என்று அவள் அப்பா ஜன்னலிலிருந்தே கை காட்டினார். மணி என்ன என்று கேட்டேன். ஒன்பதே முக்கால் தாண்டிவிட்டது என்றார்.

மிச்சம் இருந்தது வெள்ளிக்கிழமை ஒன்றுதான். பேக்கரி லிங்கராஜபுரம் போகிற வழியில். ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். தம்பிக்கு வண்டி வேகமாகப் போனது பிடித்துப்போய், சந்தோஷக் கத்து கத்திக்கொண்டே வந்தான். ரோட்டில் போனவர்களெல்லாம் நான் ஏதோ பிள்ளையைக் கொடுமை செய்கிறேன் என்பதுபோலப் பார்த்தார்கள். மெயின் ரோட்டைத் தவிர்க்கலாம் என்று ஒரு சந்துக்குள் திரும்பினேன். சந்தின் நடுவில் சாக்கடை மூடிக் கல்லில் இடித்து அந்த ஆடுகிற சக்கரம் கழன்று உருண்டு போயிற்று. வண்டி குப்புறச் சாய்ந்தது. துண்டு கட்டியிருந்ததால் தம்பி விழவில்லை, தொங்கினான். இப்போது கத்தியது பயக் கத்து.

"யாரது, காலங்காத்தால கோழி அறுக்கற மாதிரி?"

ஒரு வாசலிலிருந்து பெரிய உடம்பாக ஓர் அம்மா வெளியே வந்தார். இரண்டு கையும் முழங்கை வரை கரி. உள்ளே தரையில் பலகை, ஒரு பக்கம் கறுப்பு மாவு உருண்டை, ஒரு பக்கம் மூங்கில் குச்சிக் கட்டு. ஊதுபத்தி உருட்டுகிற வீடு. அந்தச் சந்து முழுக்க அதே வேலை, அதே வாசனை. அவர் வண்டியை ஒரு கையால் நிமிர்த்திப் பிடித்தார். தம்பியைப் பார்த்தார். பாவம் என்று சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். எல்லோரும் முதலில் அதைத்தான் சொல்வார்கள்.

"எப்படி சாப்புடுவான் இவன்?" என்றார்.

இன்றுவரை நினைத்துப் பார்க்கிறேன். அன்று காலை மூன்று வாசலில் நின்றேன், ஒரு ஜன்னலைப் பார்த்தேன். முந்தின நாள் ஏழு பேர் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அம்மா நாலு தரம் சொல்லி அனுப்பியதைச் சொல்ல எனக்கு அதுவரை இடமே கிடைக்கவில்லை. அழுகையும் பேச்சுமாக எல்லாவற்றையும் கொட்டினேன். தலையை நிமிர்த்தணும், தொண்டை இறங்கணும், லிஸ்ட்டு, ஹெட்மிஸ்ட்ரஸ், பத்தரை மணி, பட்டை.

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார். "சரி, துட்டு யார் குடுப்பாங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்க அன்பியத்துல எல்லாரும் சும்மாவே பாத்துக்குவாங்க" என்றேன், ரோஷத்தோடு.

"அப்ப அங்கயே போ." அவர் திரும்பி உள்ளே போய் பலகை முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

நான் வாசலிலேயே நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல் ஒரு குச்சியை எடுத்து மாவில் உருட்டினார். இன்னொரு குச்சி. நாலைந்து குச்சிக்குப் பிறகு சொன்னார்:

"மணிக்கு அஞ்சு ரூபா. கத்தற மணிக்கு ஆறு. முன்பணம் வேணும். கடன் கிடன் நக்கோ, வேணாம்."

மெழுகுவர்த்திக்குக் கொடுத்த பத்து ரூபாயை நீட்டினேன். மாதாவின் காசு. பாவம் செய்கிறோம் என்று தெரிந்தேதான் நீட்டினேன். அவர் அதை ஜாக்கெட்டில் செருகிக்கொண்டு, கரித்தூள் மூட்டை ஒன்றை மூலைக்கு இழுத்து, மேலே பழைய போர்வை போட்டு, நடுவில் குத்திக் குழி செய்து, தம்பியை அதில் பதித்தார். மூட்டை இரண்டு பக்கமும் அவனைப் பிடித்துக்கொண்டது. கழுத்து நின்றது. ஆஸ்பத்திரியில் விலை சொன்ன நாற்காலி ஒன்று அப்படித்தான் இருக்கும். "ஒரு ஸ்பூன் ஊட்டிக் காட்டு" என்றார். தம்பியின் டிபன் டப்பாவைத் திறந்து ஊட்டிக் காட்டினேன். அடுத்த ஸ்பூனை அவர் ஊட்டினார். தொண்டை இறங்கும் வரை காத்திருந்தார். தம்பி புருவத்தைத் தூக்கி அந்தக் கரிக் கையைப் பார்த்தான்.

"இன்னா பாக்கற? ஓடு. மணி அடிச்சிடுவாங்க" என்றார் என்னிடம்.

ஓடினேன். பள்ளிக்கூட கேட்டைத் தாண்டியதும் இடைவேளை மணி அடித்தது. டீச்சர் ரிஜிஸ்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், லேட் என்று போட்டார்.

போட்டதும் நிம்மதி வந்திருக்க வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் பயமே பிடித்தது. அந்த அம்மாவின் பெயர் தெரியாது. வீட்டு நம்பர் தெரியாது. எந்தச் சந்து என்பது கூடச் சரியாகத் தெரியாது. முன்பின் தெரியாத ஒருவரிடம், பேச வராத தம்பியை, பத்து ரூபாயையும் கொடுத்து விட்டுவிட்டு வந்திருக்கிறேன். பிள்ளை பிடிக்கிறவர்களாக இருந்தால்? நான் காசு வாங்கிக்கொண்டு பிள்ளையை விற்றேன் என்று போலீஸில் சொன்னால்? கணக்கு வகுப்பில் என்ன நடந்தது, கன்னடத்தில் என்ன நடந்தது, எதுவும் தெரியாது. மத்தியானம் என் டப்பாவைத் திறந்தேன், மூடினேன். அவனுக்கு இப்போது பொரையேறிக்கொண்டிருக்கும் என்று பக்கத்தில் மற்றவர்கள் எடுத்த ஒவ்வொரு கவளத்துக்கும் தோன்றியது. அம்மா மிஷின் முன்னால் உட்கார்ந்து, டீச்சர் ஆன்ட்டி ஊட்டிக்கொண்டிருப்பார் என்று நினைத்திருப்பாள். அது இதைவிடக் கொடுமையாக இருந்தது.

மூன்றரைக்கு விட்டதும் ஓடினேன். சந்தைக் காணவில்லை. வாசனையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைத்தால் வரிசையாக எல்லாச் சந்திலும் அதே ஊதுபத்தி வாசனை. ஒரு சந்தில் நுழைந்தேன், அது இல்லை. இன்னொன்று, அதுவும் இல்லை. எல்லா வாசலிலும் கரிக் கையோடு யாராவது உட்கார்ந்திருந்தார்கள். தம்பியின் கத்து கேட்குமா என்று நின்று காதைத் தீட்டினேன். கேட்கவில்லை. என் வாழ்க்கையில் அவன் கத்த வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான். கடைசியில் கண்ணில் பட்டது அந்தக் கழன்ற சக்கரம். யாரோ அதை வாசல்படியில் நிமிர்த்தி வைத்திருந்தார்கள்.

உள்ளே மூட்டைக் குழியில் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். மூக்கில், கன்னத்தில், நெற்றியில் கரி. ஆன்ட்டி போட்ட சிலுவை இருந்த இடத்தில் ஒரு முழு விரல் தடம். வயிறு ஏறி இறங்கியது. ஏறி இறங்குவதைப் பத்துத் தரம் எண்ணினேன்.

"ஆறு மணி நேரம்," என்றார் அந்த அம்மா குச்சியை உருட்டியபடியே. "ரெண்டு மணி கத்தினான். முப்பத்திரெண்டு. பத்து குடுத்துட்ட. இருவத்திரெண்டு எடுத்துக்கினு வரச் சொல்லு உங்கம்மாவ."

தேம்பிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஒரு பக்கச் சக்கரம் இல்லாத வண்டியைத் தூக்கித் தூக்கித் தள்ளியதில் கை கன்றிவிட்டது. எனக்கு ஒரே கோபம். மற்றவர்கள் முடியாது என்றார்கள், ஆனால் காசு கேட்கவில்லை. அன்பாகப் பேசினார்கள், சிலுவை போட்டார்கள். இந்த அம்மா கத்தினதற்கெல்லாம் கணக்குப் போடுகிறார். அம்மா வந்ததும் எல்லாவற்றையும் சொல்லி, இனிமேல் அங்கே விடவே கூடாது என்று சொல்ல வேண்டும் என்றிருந்தேன்.

ஏழு மணிக்கு அம்மா வந்தாள். தலைமுடியில், புருவத்தில் எல்லாம் துணிப் பிசிறு. நான் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். கேக்கைச் சொன்னபோது சுவரைப் பிடித்துக்கொண்டாள். தெரியாத வீட்டில் விட்டதைச் சொன்னபோது அப்பா எழுந்து நின்றுவிட்டார். அறை விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எவ்வளவு கேட்டாங்கன்னு சொன்ன?" என்றாள் அம்மா.

இருபத்திரண்டு என்றேன்.

அம்மா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பும் கேட்டது. அப்படியே எழுந்து, சாப்பிடாமல், டப்பாவிலிருந்து காசை எடுத்துக்கொண்டு என்னையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அந்த வாசலில் அம்மா போட்ட சண்டையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. தம்பி விஷயமாக யாரிடம் பேசினாலும் அம்மாவின் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிடும், குரல் உள்ளே போய்விடும். அன்றைக்கு இடுப்பில் தம்பி, இன்னொரு கை இடுப்பில்.

"கத்தறதுக்குத் தனியா காசா? இது எந்த ஊரு நியாயம் காலா?" அந்தச் சந்தில் உருது பேசுகிறவர்கள் சின்னம்மா முறையில் இருக்கிறவர்களைக் காலா என்பார்கள். அம்மா முதல் தடவையிலேயே உறவு வைத்துவிட்டாள்.

"உன் புள்ள கத்த நீ கேட்டிருக்கியா? பக்கத்து வூட்டு ஆடு கயிறு அத்துக்கினு ஓடிச்சு. அந்தத் துட்டையும் உன்கிட்டதான் கேக்கணும்."

"சரி, மத்தியானம் தூங்கினான்ல? தூங்கற நேரத்துக்கு என்ன காசு?"

காலா உருட்டுவதை நிறுத்தினார். "தூங்கறப்ப மூச்சு வருதா, வரலையான்னு பாத்துக்கினே இருந்தேன். இன்னிக்கு ஒரு ஆயிரம் குச்சி கம்மி எனக்கு. அதுக்குத்தான் ஜாஸ்தி கேட்டிருக்கணும்."

 ராத்திரி ராத்திரி அம்மாவும் அதைத்தான் செய்வாள். இருபத்திரண்டு ரூபாயை எண்ணி அந்தக் கரிக் கையில் வைத்தாள். ஒரு ரூபாய் கூடக் குறைக்கவில்லை. "நாளைக்கு எட்டு மணிக்கு" என்றாள். "முன்பணம்" என்றார் காலா. திரும்பி வரும்போது அம்மா எனக்கு வடை வாங்கிக் கொடுத்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சண்டை போட்ட இடத்திலிருந்து இவ்வளவு சந்தோஷமாக ஒருத்தி திரும்புவாளா?

மறுநாள் காலை ஏழு மணிக்கே மாடி ஆன்ட்டி எங்கள் வாசலில் நின்றார். ராத்திரி தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "இன்னிக்கு என் டர்ன். நான் இங்கயே வந்து உக்காந்துக்கறேன், சாப்பாடு மட்டும் நான் ஊட்ட மாட்டேன்" என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஆள் கிடைத்தாகிவிட்டது ஆன்ட்டி என்றாள். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து எனக்கே சந்தோஷமாக இருந்தது. பேக்கரி அங்கிள் வெள்ளிக்கிழமைதோறும் பன் அனுப்பினார். பொறுப்பாளர் அங்கிளுக்கு மட்டும் தன் லிஸ்ட் வீணாயிற்றே என்று வருத்தம். அம்மா அதைக் கிழிக்கவில்லை, காலண்டருக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

மாசி மாதம் தம்பிக்குப் பட்டை வந்தது. அந்த மூட்டைக் குழியில் அவன் நான்கு வருஷம் உட்கார்ந்தான், போகப்போகச் சனிக்கிழமை அரை நாளும். இரண்டு தரம் அம்மாவோடு சண்டை போட்டு, காலா ரேட்டை எட்டு ரூபாய் ஆக்கினார். ஒவ்வொரு சனிக்கிழமையும் அம்மா போய் கணக்குத் தீர்ப்பாள், இருவரும் கத்துவார்கள், தம்பி சிரிப்பான். முன்பணத்தை மட்டும் காலா எப்போது விட்டுக்கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது.

நான் ஒன்பதாவது படித்தபோது, அந்த வரிசை வீடுகளை ஓனர் விற்றுவிட்டார். இடிக்கப் போகிறார்கள் என்று பேச்சிருந்தது, என்றைக்கு என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சனிக்கிழமை அம்மாவுக்கு ஓவர்டைம். ஞாயிறு பூசை முடிந்து காசோடு போனபோது கதவுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். சிவாஜிநகர் பக்கம் மகன் வீட்டுக்குப் போயிருப்பார் என்றார் ஒருவர். இல்லை, ஹொசூர் என்றார் இன்னொருவர். அம்மா நான்கைந்து வாரம் தேடினாள். பெயரை வைத்துத் தேட எங்களுக்கு அவர் பெயர் தெரியாது. காலா என்று மட்டும்தான் தெரியும்.

கதவுகளைக் கழற்றிய மறுநாள், திங்கட்கிழமை, தம்பியோடு யாராவது வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. நான் இருந்தேன். ஒரு வாரத்துக்கு என்றுதான் பேச்சு. அந்த ஒரு வாரத்தில் பள்ளிக்கூடம் என்பது எனக்கு முடிந்துபோயிற்று.

பத்து வயதில், அந்த வாசலில் முன்பணம் கேட்டபோது, இது ஒரு கெட்ட அம்மா என்று நான் முடிவு செய்தேன். காசு கேட்கிறவரிடம் மறுநாளும் தலை நிமிர்ந்து போய் நிற்கலாம் என்பது அப்போது தெரியவில்லை. அந்த மணிக்கு ஐந்து ரூபாயில்தான் என் பள்ளிக்கூட பெஞ்சும் இருந்தது என்பதும் தெரியவில்லை.

கடைசி வாரத்துக் கணக்கு அம்மாவுக்கு இன்னும் மனப்பாடம். ஐந்து நாள் எட்டெட்டு மணி நேரம், சனிக்கிழமை ஐந்து. கத்தினதற்குக் கூடுதல் ஒன்றுமில்லை, அந்த வாரம் முழுக்கத் தம்பி அங்கே கத்தவே இல்லை. காலாவுக்கு நாங்கள் தர வேண்டிய பாக்கி முந்நூற்று அறுபது ரூபாய்.